சேலமா? பஸ் மாறும் ஊர்தானே!

குகைவாசி | ஞாயிறு, இரவு 9.12

போன வாரம் கோவையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டே, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். சேலம் என்றேன். "ஓ, சேலமா" என்றவர் சற்று நேரம் யோசித்தார். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் உண்மையிலேயே முயன்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில், "ஒரு தடவை இரவு இரண்டு மணிக்கு அங்கே பஸ் மாறியிருக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மதுரை என்றால் மல்லிகை, அரிவாள். கோவை என்றால் சிறுவாணித் தண்ணீர், மரியாதைப் பேச்சு. சென்னை என்றால் வாடகை, வியர்வை, ஆட்டோக்காரர். பொய்யோ மெய்யோ, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். சேலத்துக்கு மட்டும் முகத்துக்குப் பதிலாக ஒரு பஸ் நிலையம். 2011 கணக்கெடுப்பிலேயே மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் எட்டே கால் லட்சத்துக்கு மேல் ஜனம். கிண்டல் செய்யக்கூட ஒன்றும் அகப்படாத ஊரா இது? மாம்பழம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். அது எனக்கும் தெரியும்.

சிறுவாணிக்காரன் | 9.31

அண்ணா, அந்தப் பெரியவர் என் மாமனாராகக்கூட இருக்கலாம். அவரும் இப்படித்தான். யார் மனமும் நோகக் கூடாது என்று வார்த்தையைத் தேடித் தேடி, கடைசியில் நோகடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போவார்.

கோவைக்காரனுக்குச் சேலம் என்றால் பஸ் நிலையம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. எந்த ஊரில் எந்தத் தேதியில் முகாம் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே போகும் சித்த வைத்திய விளம்பரமும் வரும். அப்புறம் கோவையையும் சேர்த்துச் சேலத்திலிருந்து ஆளும் ரயில்வே கோட்டம். வைத்திய விளம்பரத்தைச் சிரித்துக் கடந்துவிடுவோம். கோட்டம்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கோட்டத்திலேயே அதிக வருமானம் தரும் நிலையம் கோவை ஜங்ஷன். அப்படியிருக்க, எங்கள் நடைமேடையில் நாலு நாற்காலி போடுவதற்கும் 160 கிலோமீட்டர் தள்ளி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இது என்ன நியாயம்?

சூரமங்கலத்துக்காரி | 9.58

தம்பி சிறுவாணி, இந்த நியாயத்தை நீங்கள் 1956-இல் கேட்டிருக்க வேண்டும். அதுவரை கோட்டத் தலைமையிடம் உங்கள் வாசலில், போத்தனூரில்தான் இருந்தது. அந்த ஆண்டு அதைப் பாலக்காட்டில் இருக்கும் ஒலவக்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டு கோவை, ஈரோடு, சேலம் மூன்றும் பாலக்காட்டுக்குக் கீழே கிடந்தன. என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவருடைய விடுப்பு விண்ணப்பம் மலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் ஊர்த் திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள். 2007 நவம்பரில் சேலம் கோட்டம் பிறந்தபோது கேரளத்தில் எத்தனை எதிர்ப்பு! அன்றைக்குப் பாலக்காட்டோடு சண்டை என்றதும் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தோம். பங்கு கைக்கு வந்த பிறகுதான் கோவை வேறு, சேலம் வேறு.

ரயில் பேச்சை எடுத்தீர்கள், என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். சென்னைக்குப் போக எங்கள் மலையின் பெயரில் ஒரு ரயில் இருக்கிறது, ஏற்காடு எக்ஸ்பிரஸ். அது கிளம்புவது ஈரோட்டில். இரவில் சேலத்தில் ஏறினால், ஈரோட்டுக்காரர்கள் விளக்கை அணைத்து, போர்வையை இழுத்துப் போர்த்தி, குறட்டையும் விட ஆரம்பித்திருப்பார்கள். செல்போன் வெளிச்சத்தில் எங்கள் படுக்கை எண்ணை நாங்கள் தேட வேண்டும். வெளிச்சம் கண்ணில் பட்டால் திட்டு வேறு.

ஈரோட்டு மஞ்சள் | 10.05

பெயர் உங்களுடையது, படுக்கை எங்களுடையது. பங்கு சரியாகத்தானே இருக்கிறது, அக்கா?

வைகைக்கரையான் | 10.20

குகைவாசி, எங்கள் முகத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இலவசமாகத் தருகிறேன். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன புதிதில் வீடு தேடினேன். வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்து, முன்பணம் வரைக்கும் வந்துவிட்டார். "சொந்த ஊர் எது?" என்றார். மதுரை என்றேன். சிரித்துக்கொண்டே, "சண்டை கிண்டை வராதே?" என்று கேட்டார். நான் தெருநாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறவன். மறுநாள், வீட்டை உறவினருக்குக் கொடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

உங்களை யாருக்கும் தெரியாது என்று வருத்தப்படுகிறீர்கள். எங்களை எல்லோருக்கும் தெரியும் என்பதில் இருக்கும் தொல்லை உங்களுக்குத் தெரியாது.

குகைவாசி | 10.34

வைகை அண்ணா, வீட்டுக்கதைக்கு வருத்தம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உங்களைப் பார்த்து அவருக்குப் பயமாவது வந்தது. என்னிடம் கேட்டிருந்தால், "சேலமா, ஊட்டிக்குப் போகிற வழிதானே" என்றிருப்பார்.

பல்லாவரத்தான் | 10.41

சென்னையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் எங்களைத் திட்டி முடிப்பீர்கள் என்று காத்திருந்தேன், ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள், நன்றி. ஒரு விஷயம் மட்டும். தொழில், படிப்பு, சினிமா என்று எதற்கும் கடைசியில் இங்கேதானே வருகிறீர்கள்? வந்த பிறகு ஐந்து வருடம் குடியிருந்தாலும் "எங்கள் ஊரில் தண்ணீர் இப்படி இருக்காது" என்கிறீர்கள். பொங்கலுக்கு ஊர் காலியானால் நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். அதைத்தான் திமிர் என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

அஸ்தம்பட்டி | 11.02

சினிமாவுக்குச் சென்னைக்கு வந்தோமா? ஐயா, ஏற்காடு ரோட்டில் ஒரு வளைவு நிற்கிறது, அடுத்த முறை வந்தால் அதன் அடியில் நின்று பாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்', 1938-இல் இந்தச் சேலத்தில் தயாரானது. தமிழில் முழுநீள வண்ணப்படம் முதலில் வந்ததும் இங்கிருந்துதான், 1956-இல், அலிபாபா. கருணாநிதி வசனம் எழுதச் சேலத்துக்கு வந்து குடியிருந்தார். கோடம்பாக்கத்துக்காரர்கள் சேலத்துக்கு ரயில் ஏறிய காலம் ஒன்று இருந்தது.

இப்போது உள்ளே படப்பிடிப்புத் தளம் இல்லை. வளைவு மட்டும் இருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சிறுவாணிக்காரன் | 11.10

படம் எடுப்பதற்குக் கோவையிலும் ஸ்டுடியோக்கள் இருந்தன அண்ணா, அதையும் சொல்லிவிடுங்கள். அதுபோகட்டும், உங்கள் ஊருக்கு விமானம் வருகிறதா இப்போது?

அஸ்தம்பட்டி | 11.13

வருகிறது. 1993-இல் திறந்த நிலையம். வரும், நிற்கும், வரும், நிற்கும். 2023 அக்டோபரிலிருந்து மறுபடி வருகிறது. இதற்குமேல் கேட்காதீர்கள், எங்கள் வீட்டிலேயே இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கஞ்சமலையான் | திங்கள், காலை 6.20

காலை வணக்கம். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானக் கதையைவிட எங்கள் கதை பெரியது. கஞ்சமலையில் இரும்புத்தாது இருக்கிறது. மலையோரத்து மண்ணில் காந்தத்தை இழுத்தால் கறுப்புத் துகள் மீசைமாதிரி ஒட்டிக்கொண்டு வரும், சிறுவயதில் எங்களுக்கு அது விளையாட்டு. அந்தத் தாதுவை நம்பித்தான் ஆலை கேட்டார்கள். 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உருட்டாலை ஓடத் தொடங்கியபோது 1980-களே வந்துவிட்டன. வந்தது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை. கஞ்சமலைத் தாது மலையிலேயே இருந்துவிட்டது.

ஆனால் தம்பி குகைவாசி, முகம் இல்லை என்கிறீர்களே, உங்கள் அம்மா வீட்டு எவர்சில்வர் தட்டைத் திருப்பிப் பாருங்கள். எங்கே அடித்த பாத்திரமானாலும் 'சேலம் ஸ்டீல்' என்று முத்திரை இருந்தால்தான் எடுப்பேன் என்று ஒரு தலைமுறைப் பெண்கள் கடைக்காரரிடம் நின்றார்கள். நாணயம் அடிக்கிற சாலைகளுக்கு வட்டத் தகடும் எங்கள் ஆலையில் வெட்டியிருக்கிறோம். கோவைப் பெரியவர் பையில் அன்றைக்குச் சில்லறை இருந்திருக்கும்.

கொலுசுத்திருகு | 8.45

பையில் மட்டுமா? காலிலும் இருந்திருக்கும், அவர் காலில் இல்லை, பேத்தி காலில்.

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டை. முன்னறைதான் பட்டறை. வெள்ளியை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையமாக வெட்டி, வளையத்துக்குள் வளையம் கோத்துப் பற்றவைத்து, மெருகேற்றி அனுப்புகிறோம். ஒரே வீட்டில் எல்லா வேலையும் நடக்காது. ஒரு கொலுசு முழுதாவதற்குள் நாலைந்து வீட்டு வாசல் ஏறி இறங்கும். என் வேலை முத்து வைப்பது. மிளகைவிடச் சின்ன வெள்ளிக் குண்டை இடுக்கியால் எடுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டே போக வேண்டும். காலையில் உட்கார்ந்தால் எத்தனை வைத்தேன் என்று எண்ணுவதில்லை, கை கணக்கு வைத்துக்கொள்ளும். எடைபோட்டு வெள்ளி கொடுப்பார்கள், எடைபோட்டுத் திரும்ப வாங்குவார்கள். அதனால் மின்விசிறி கிடையாது. தரையைக் கூட்டினால் தூசியைத் தெருவில் கொட்ட மாட்டோம், டப்பாவில் சேர்த்து வைப்போம். அதிலும் வெள்ளி இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் ஒருநாள் கூட்டி வாசலில் தள்ளிவிட்டேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு போய் வாசல் மண்ணையே அள்ளிக்கொண்டு வந்தார்.

இங்கே செய்கிற கொலுசு வடக்கே எத்தனையோ மாநிலங்களுக்குப் போகிறது. வாங்க வரும் வியாபாரிகளுக்குச் சேலம் தெரிகிறது. அவிநாசி ரோட்டில் தெரியவில்லை என்றால் அது எங்கள் குறையா?

சூரமங்கலத்துக்காரி | 9.02

அக்கா, மாமியார் வாசல் மண்ணை அள்ளிய கதையை இரண்டு தடவை படித்தேன்.

ஈரோட்டு மஞ்சள் | 9.20

ஒரு சந்தேகம். சேலம் கொங்கா, இல்லையா? எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

சிறுவாணிக்காரன் | 9.26

சங்ககிரி, எடப்பாடி வரைக்கும் ஒத்துக்கொள்கிறோம். ஆத்தூர்ப் பக்கம் பேச்சே வேறு. நடுவில் இருக்கும் சேலம் நகரத்தை என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

குகைவாசி | 9.50

நீங்கள் முடிவெடுத்துச் சொல்லும்வரை நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம், அவசரமில்லை.

தம்பி, எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம். பின்வீட்டில் தெலுங்கு. அம்மாபேட்டைக்குப் போனால் தறி ஓசைக்கு நடுவே சௌராஷ்டிரம் கேட்கும். தெருவுக்கு வந்தால் எல்லோரும் தமிழ். மேற்கே போனால் 'ஏனுங்க' ஒட்டிக்கொள்ளும், கிழக்கே அயோத்தியாப்பட்டணம் தாண்டினால் உதிர்ந்துவிடும். கோவைக்குப் போனால் என்னை "சென்னைப் பக்கமா?" என்கிறார்கள். சென்னையில் "கோயம்புத்தூரா?" என்கிறார்கள். இரண்டு பேரிடமும் தலையாட்டிவிட்டு வந்த நாட்கள் உண்டு. இப்போது யோசித்தால் அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை, நான் ஏன் தலையாட்டினேன்?

இன்னொன்று. எங்கள் பெயரில் ஓடுவது பலவும் பழைய சேலம் மாவட்டத்தின் சொத்து. 1965-இல் தர்மபுரி தனியாகப் போயிற்று, இன்றைய கிருஷ்ணகிரியும் அதோடு போயிற்று, மாந்தோப்பில் பெரும்பங்கும் போயிற்று. 1997-இல் நாமக்கல் போயிற்று. முட்டை, லாரி கட்டும் பட்டறை எல்லாம் அவர்களுடையது ஆயிற்று. கூட்டுக்குடும்பத்தில் பாகம் பிரித்த பிறகு பெரிய வீட்டில் தங்கிவிட்ட மூத்தவன் மாதிரி, வாசலில் பெயர்ப்பலகை மட்டும் எங்களிடம். மேட்டூர் அணை இன்னும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் தண்ணீர் தஞ்சாவூருக்கு.

வைகைக்கரையான் | 10.11

நடராஜன் இருக்கிறாரே! 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவில் அவர் பந்து வீசியபோது நாங்களும் "நம் சேலத்துப் பையன்" என்றோம். ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் தாண்டிய மாரியப்பனும் உங்கள் பக்கம்தான்.

குகைவாசி | 10.19

ஒருவர் சின்னப்பம்பட்டி, ஒருவர் பெரியவடகம்பட்டி. இரண்டும் கிராமம். அவர்கள் ஓடிப் பழகியபோது நகரத்தில் இருந்த நாங்கள் ஒரு வாழைப்பழம்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. ஜெயித்த பிறகு பதாகை மட்டும் ஐந்து ரோட்டில் வைத்தோம். அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மலைக்காப்பி | மதியம் 1.15

மேலே இருந்து வணக்கம். ஏற்காட்டில் நாங்கள் சேலத்தைக் 'கீழே' என்போம். "கீழே போய்வருகிறேன்" என்றால் சேலத்துக்குப் போகிறேன் என்று அர்த்தம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் உங்கள் வெயில்.

நீங்கள் கோவையிடம் படும் பாடு உங்களிடம் நாங்கள் படும் பாடு. 'ஏழைகளின் ஊட்டி' என்று எங்களுக்கு ஒரு பட்டம். எந்த விளம்பரப் பலகையைப் பார்த்தாலும் இதுதான். அது என்ன மரியாதை? மலிவான ஊட்டி என்று சொல்வதற்கு இது நாசூக்கான வழி. ஊட்டி 2,240 மீட்டர், நாங்கள் 1,515, ஒத்துக்கொள்கிறேன். குளிரில் தோற்றோம். ஆனால் ஊட்டி ஏரி சலிவன் உண்டாக்கியது, கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கியது. எங்கள் ஊரின் பெயரிலேயே ஏரியும் காடும் இருக்கின்றன. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து இந்த மலையில் வைத்தார். வெள்ளைக்காரனுக்கு முன்பே சேர்வராயன் குகைக்கோயிலில் இருக்கிறார். மலையாளி எனப்படும் இந்த மலைப் பழங்குடி மக்கள் மே மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராக அங்கே நடந்து போவார்கள். அதே மே மாதத்தில் நீங்கள் கோடை விழாவுக்கு வருகிறீர்கள். பூவில் செய்த பொம்மையோடு படம் எடுத்துக்கொள்கிறீர்கள், ஏரியில் படகு விடுகிறீர்கள், தண்ணீர் பாட்டிலைக் காப்பிச் செடிக்குள் வீசிவிட்டு இறங்குகிறீர்கள்.

ஜனவரியில் ஒருமுறை வாருங்கள். பழம் பறிக்கும் நாட்கள். ஒரு கிளையில் சிவப்பும் பச்சையும் கலந்திருக்கும், சிவந்ததை மட்டும் திருகி எடுக்க வேண்டும், இழுத்தால் காம்போடு வந்துவிடும், அடுத்த வருடம் அந்த இடத்தில் பூக்காது. பறிக்கும் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பேச்சை விடாமல், கையைப் பார்க்காமல் பறிப்பார்கள். களத்தில் காயும் பழத்தை மணிக்கொரு தரம் புரட்டுவோம். மதியத்துக்குமேல் பனிமூட்டம் இறங்கினால் தார்ப்பாய் போட்டு மூட ஓட வேண்டும். அந்தக் கொட்டை கீழே போகிறது, வேறெந்த மலைக் கொட்டையோடோ கலக்கிறது. கடையில் நீங்கள் வாங்கும்போது பொட்டலத்தில் ஏற்காடு என்ற பெயர் இருக்காது. குகைவாசி அண்ணா, பெயர் பறிபோன கவலை உங்களுக்கு மட்டும் இல்லை.

குகைவாசி | 1.40

பாட்டில் வீசியவர்களில் நானும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது. மன்னிக்கவும்.

ஓய்வுபெற்ற நடத்துநர் | மாலை 5.30

எல்லாவற்றையும் படித்தேன். முப்பது ஆண்டு நடத்துநராக இருந்தவன். சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு எல்லா வழித்தடத்திலும் டிக்கெட் கிழித்திருக்கிறேன். நீங்கள் பேசுவது ஊர். நான் பார்த்தது இருக்கை.

எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கோவைக்காரர் சரியான சில்லறையை மடித்துக் கையில் வைத்திருப்பார், கொடுக்கும்போது 'ங்க' போடுவார். மீதி ஒரு ரூபாய் வர வேண்டியிருந்தால் அதையும் 'ங்க' போட்டு, இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வருவார். மதுரைக்காரர் இருக்கையில் உட்கார மாட்டார், முன்னால் வந்து ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுப்பார். சென்னைக்காரர் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதை மூன்று முறை கேட்பார், மூன்று முறையும் நம்ப மாட்டார். சேலத்துக்காரர்? வைகாசி, ஆனி மாதங்களில் கூடையோடு வருவார்.

கூடையைச் சொல்லியே ஆக வேண்டும். அடியில் வைக்கோல், மேலே மல்கோவா, அதற்குமேல் செய்தித்தாள், வாயைச் சணலால் தைத்திருப்பார்கள். சென்னையில் மகள் வீட்டுக்குப் போகும். மேல்தட்டில் வைக்கக் கூடாது, மடியில்தான் வைப்பேன் என்று பிடிவாதம். வாழப்பாடி போகும்போதே வண்டி முழுக்க வாசனை. ஒருமுறை ஓர் அம்மா, கூடை ஓரத்தில் விரலை விட்டு ஒரு பழத்தை மட்டும் மெல்ல வெளியே எடுத்து, காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து, மறுபடி உள்ளே தள்ளினார். ஏன் என்று கேட்டேன். "இது நாளைக்கு, மற்றதெல்லாம் வியாழக்கிழமைக்கு" என்றார். அழுத்திப் பார்க்கவே இல்லை. அழுத்தினால் பழம் கெடும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், வெளியூர்க்காரர்தான் கடையில் நின்று கட்டைவிரலால் குத்துவார்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பாதி வழிக்குத்தான் செல்லும். என்னிடம் டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றப் பார்த்தவர், 'ங்க' போட்டுத்தான் ஏமாற்றப் பார்த்தார். மதுரை வண்டியில் நள்ளிரவில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் தூங்கிப்போனவர் சென்னைக்காரர்.

பஸ் மாறும் ஊர் என்கிறீர்களே, அதையும் நான் பார்த்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குச் சேலம் புதிய பஸ் நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். ஜன்னல் ஓரம் முறுக்கு, தண்ணீர் என்று குரல் கேட்கும். தூக்கத்தில் கண் விழிப்பவர் காண்பது கழிவறைக்கு அம்புக்குறி, ஒரு டீக்கடை, வாயில் பிரஷ்ஷோடு ஓர் ஓட்டுநர். வாழ்நாள் முழுவதும் அவருக்குச் சேலம் அதுதான். ஒரு கோவைப் பயணி டீ குடிக்க இறங்கி, வேறு வண்டியை நம் வண்டி என்று நினைத்து அதன் பின்னால் நின்றிருக்கிறார். நாங்கள் தலையை எண்ணாமல் கிளப்பிவிட்டோம், தப்பு எங்களுடையது. பை எங்கள் வண்டியில், ஆள் சேலத்தில். விடியற்காலை அவர் வேறு வண்டியில் வந்து பையை வாங்கிக்கொண்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "உங்கள் சேலம் சரியில்லை" என்றார். சேலம் என்ன செய்தது? எங்கள் வண்டிதான் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. எத்தனையோ ஊர்களைப் பற்றி நான் வைத்திருக்கும் அபிப்பிராயமும் இப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். விழுப்புரம் எனக்குப் பிடிக்காது. காரணம் ஒரு தோசை.

பல்லாவரத்தான் | 5.52

தோசை என்ன செய்தது, ஐயா?

ஓய்வுபெற்ற நடத்துநர் | 5.58

அது வேண்டாம் தம்பி. விழுப்புரத்துக்காரர் யாராவது இங்கே இருப்பார்.

சிறுவாணிக்காரன் | இரவு 8.40

நடத்துநர் ஐயா எழுதியதை என் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். 'ங்க' போட்டு ஒரு ரூபாய் கேட்பவர் என்ற இடத்தில் சிரித்தார். பிறகு, "கேட்டால் என்ன தப்பு, என் காசுதானே" என்றார்.

சரி குகைவாசி அண்ணா, கோட்டத்தை இன்னும் மன்னிக்கவில்லை, அது தனி. ஆனால் நான் சேலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி வெளியே வந்ததே இல்லை என்பது உண்மை. ஆடி மாதம் உங்கள் ஊரில் பண்டிகை விசேஷம் என்கிறார்கள். வண்டியில் சாமி வேஷம் போட்டு வருவார்களாமே? வருகிறேன். எங்கே நின்று பார்க்க வேண்டும்?

குகைவாசி | 8.47

வா தம்பி! வண்டி வேடிக்கை என்று பெயர். மாரியம்மன் பண்டிகையில், சிவன், முருகன், காளி என்று வேஷம் கட்டிக்கொண்டு, விளக்கு அலங்காரம் செய்த வண்டியில் அசையாமல் நிற்பார்கள். கழுத்தில் வியர்வை வழிந்தாலும் சிவன் துடைக்கக் கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு கூட்டம் பல நாள் தூங்காமல் வேலை செய்திருக்கும். குகை என்கிற எங்கள் பகுதிக்கு வந்துவிடு. என் வீட்டு மாடியிலிருந்து பார்க்கலாம்.

கொலுசுத்திருகு | 8.55

குகையிலும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அலங்காரம் பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய்ப்பேட்டைக்கு வர வேண்டும். எங்கள் வண்டிகளைப் பார்த்துவிட்டு அங்கே போனால் விளக்கு குறைவாகத் தெரியும், அதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

குகைவாசி | 8.58

அக்கா, விளக்கு எண்ணுவதற்கு இது கல்யாண மண்டபம் இல்லை. வேஷம் பார்க்க வேண்டும். போன வருடம் உங்கள் பக்கத்து அனுமார் செல்போன் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொலுசுத்திருகு | 9.01

அவர் குகையிலிருந்து வந்து எங்களுக்கு வேஷம் கட்டியவர்.

சிறுவாணிக்காரன் | 9.04

நான் இரண்டு இடத்துக்கும் வருகிறேன். சண்டை வேண்டாம். அந்தத் தட்டுவடை செட், இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துக் கொடுப்பார்களே, அது எங்கே நன்றாக இருக்கும்?

குகைவாசி | 9.05

குகையில்.

கொலுசுத்திருகு | 9.05

செவ்வாய்ப்பேட்டையில்.

அஸ்தம்பட்டி | 9.06

தம்பி, இரண்டு பேர் பேச்சையும் கேட்காதே. கிளம்பும்போது எனக்குச் சொல்.